வாசகர் கேள்வி – பதில்: வணிகச் சமையற்கூடத்துக்கு எந்த ஹூட்?

உணவகம், விடுதி, தொழிற்சாலை உணவுக்கூடம் ஆகியவற்றை நடத்துவோரும் அங்கே வேலை செய்வோரும் அடுப்புக்கு மேலே தொங்கிப் புகையை வெளியேற்றும் ஹூட் குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: புதிதாக உணவகம் தொடங்குகிறேன். சுவரை ஒட்டி மூன்று மீட்டர் நீளத்துக்குத் திறந்த கேஸ் பர்னர்கள், ஃப்ரையர், தட்டைக்கல், ஓவன் ஆகியவை வரிசையாக வரவிருக்கின்றன. ஹூட் செய்து தரும் இருவரிடம் விசாரித்தேன். ஒருவர் நீள அகலத்தை மட்டும் கேட்டுக்கொண்டார். மற்றவர், புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறியான புளோயரைப் பெரிதாகப் போட்டுவிட்டால் எந்தப் புகையும் நிற்காது என்றார். நான் எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: இருவருமே முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. எந்த அடுப்பு எவ்வளவு சூட்டில் எரியும், அதிலிருந்து எழுவது எண்ணெய்ப் பிசுக்கா வெறும் நீராவியா என்பது தெரியாமல் ஹூட்டின் வகையையோ புளோயரின் அளவையோ சொல்ல முடியாது. பொரிக்கும்போதும் வறுக்கும்போதும் தணலில் சுடும்போதும் எழும் புகையில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளும் ஆவியான கொழுப்பும் கலந்திருக்கின்றன. இவை குழாயின் உட்சுவரில் படிந்து, பின்னொரு நாள் எரிபொருளாகவே மாறக்கூடியவை. ஆகவே இத்தகைய அடுப்புகளுக்கு மேலே பிசுக்கு ஃபில்டரும், கசிவில்லாமல் வெல்டிங் செய்த டக்ட் குழாயும், தானியங்கித் தீயணைப்பு ஏற்பாடும் கொண்ட முதல் வகை ஹூட் வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் போன்றவற்றுக்குச் சூட்டையும் ஈரத்தையும் மட்டும் வெளியேற்றும் இரண்டாம் வகை போதுமானது. உங்கள் வரிசையில் ஃப்ரையரும் தட்டைக்கல்லும் இருப்பதால் உங்களுக்கு முதல் வகைதான். இதில் செலவைக் குறைக்க வழி தேட வேண்டாம்.

அடுத்தது காற்றின் அளவு. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் இன்டர்நேஷனல் மெக்கானிக்கல் கோட் என்ற விதித்தொகுப்பு அடுப்புகளை நான்கு தரங்களாகப் பிரிக்கிறது. ஓவனும் நீராவியில் வேகவைக்கும் கலன்களும் இலகுவானவை. ஃப்ரையரும் தட்டைக்கல்லும் நடுத்தரமானவை. திறந்த கேஸ் பர்னரும் அடியிலிருந்து தீ எரியும் கிரில்லும் கடுமையானவை. கரி, விறகு ஆகியவற்றில் எரிபவை மிகக் கடுமையானவை. சுவரை ஒட்டித் தொங்கும் ஹூட்டாக இருந்தால், அதன் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நொடிக்கு முறையே சுமார் 310, 465, 620, 850 லிட்டர் காற்று வெளியேற வேண்டும் என்கிறது அந்த விதி. ஒரே ஹூட்டின்கீழ் பல அடுப்புகள் இருந்தால், அவற்றுள் கடுமையானது எதுவோ அதற்குரிய அளவே ஹூட் முழுவதற்கும் பொருந்தும். உங்கள் ஹூட் இரு பக்கமும் 15 செ.மீ. நீண்டு 3.3 மீட்டராக அமைந்தால், திறந்த பர்னரைக் கருதி நொடிக்கு ஏறத்தாழ 2,050 லிட்டர், அதாவது 4,300 சி.எஃப்.எம்.முக்கு (நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்ற அளவு) சற்று மேல் தேவைப்படும். இதே வரிசையைச் சுவரிலிருந்து விலக்கி அறையின் நடுவே நிறுத்தினால், மீட்டருக்கு 930 லிட்டர் என்ற கணக்கில் தேவை ஒன்றரை மடங்காகிவிடும். அடுப்பு எங்கே நிற்கும் என்பது முடிவாகும்முன் ஹூட்டுக்கு விலை கேட்பதில் பொருளில்லை என்று நான் சொல்வது இதனால்தான். பரிசோதித்துச் சான்று பெற்ற ஹூட்டுகள் இதைவிடக் குறைந்த காற்றிலேயே புகையைப் பிடித்துவிடுவதும் உண்டு. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் பகுதியின் விதி வேறு கணக்கைச் சொன்னால் அதன்படியே செல்லுங்கள்.

இனி, பெரிய புளோயர் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற பேச்சுக்கு வருகிறேன். எரியும் மெழுகுவத்தியை ஒரு கை தொலைவிலிருந்து ஊதி அணைத்துவிடலாம். அதே தொலைவிலிருந்து காற்றை உறிஞ்சினால் சுடர் அசையக்கூட அசையாது. உறிஞ்சும் வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடுகிறது. ஆகவே, சூட்டினால் தானாக மேலெழும் புகையை ஏந்திக்கொண்டு, அது வழிவதற்குள் வெளியேற்றுவது மட்டுமே ஹூட்டால் ஆகக்கூடிய காரியம். அதற்கு ஹூட்டின் அமைப்புதான் பெரிதும் துணைசெய்கிறது. திறந்த பக்கங்களில் ஹூட் அடுப்புக்கு வெளியே குறைந்தது 15 செ.மீ. நீண்டிருக்க வேண்டும், முன்பக்கத்தில் 30 செ.மீ. கொடுக்க இடமிருந்தால் தயங்காமல் கொடுங்கள். முன்விளிம்பு சமைக்கும் பரப்பிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. உங்கள் அடுப்பின் மேற்பரப்பு தரையிலிருந்து 90 செ.மீ. உயரம் என்றால், ஹூட்டின் விளிம்பு 2.1 மீட்டரில் நிற்கும். சமையற்காரரின் தலையிலும் இடிக்காது. அடுப்புகளைச் சுவரோடு நெருக்கமாகத் தள்ளுங்கள். அதிகப் புகை எழுப்பும் அடுப்பை ஹூட்டின் நடுப்பகுதிக்குக் கீழும், ஓவனை ஓரத்திலும் வையுங்கள். இரு முனைகளிலும் முக்கோண வடிவில் சிறிய பக்கத் தகடுகள் பொருத்தினால் பக்கவாட்டில் வழிவது வெகுவாகக் குறையும். வரைபடம் போடும்போதே இவற்றைக் கவனித்துக்கொண்டால் கூடுதல் செலவு சிறிதளவே. ஆனால் தவறாக நிறுத்திய அடுப்பை ஈடுகட்டப் புளோயரைப் பெரிதாக்கினால் அதற்கான மின்சாரத்துக்கு ஒவ்வொரு மாதமும் பணம் கட்ட வேண்டும்.

கேள்வி: எங்களிடம் பெரிய ஹூட்டும் திறன் மிகுந்த புளோயரும் இருக்கின்றன. ஆனாலும் புகை முன்விளிம்பில் வழிகிறது. பின்கதவைத் திறக்கப் பலம் கொண்டு இழுக்க வேண்டியிருக்கிறது. கழிவறை நாற்றமும் உள்ளே வருகிறது. புளோயரை இன்னும் பெரிதாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் ஒரே குறையைத்தான் காட்டுகின்றன: வெளியேறும் காற்றுக்கு ஈடாக உங்கள் சமையற்கூடத்துக்குள் காற்று வருவதில்லை. உள்ளே வராத காற்றை எந்தப் புளோயராலும் வெளியே தள்ள முடியாது. அறைக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே போகும்போது, எந்தப் பிளவு கிடைக்கிறதோ அதன் வழியாக, கழிவறையின் வெளியேற்றுக் குழாய் வழியாகக்கூடக் காற்று திரும்பி உள்ளே வருகிறது. வணிகச் சமையலுக்கான என்.எஃப்.பி.ஏ. 96 என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரம், இந்த அழுத்தக் குறைவு 5 பாஸ்கலை (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டக்கூடாது என்கிறது. கதவு இழுக்கிறது என்றால் நீங்கள் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டீர்கள். 2 சதுர மீட்டர் கதவில் 50 பாஸ்கல் வேறுபாடு இருந்தாலே, அதன்மேல் சுமார் 10 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்திக்கொண்டிருக்கும். இதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. கேஸில் எரியும் வெந்நீர்க் கொதிகலன் போன்றவற்றின் புகைபோக்கி வழியாக வெளியேற வேண்டிய கார்பன் மோனாக்சைடும் இதே அழுத்தக் குறைவால் அறைக்குள் திரும்பக்கூடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். எல்லா அடுப்புகளும் எரியும் நேரத்தில் வெளிக்கதவு ஒன்றை மெதுவாகத் திறந்து வையுங்கள். புகை வழிவது நின்றுவிட்டாலோ குறைந்துவிட்டாலோ, குறை உள்ளே வரும் காற்றில் இருக்கிறது என்பது உறுதி. நிற்காவிட்டால் பிசுக்கு அடைத்த ஃபில்டர், தளர்ந்து வழுக்கும் பெல்ட், தலைகீழாகச் சுழலும் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் இரண்டு வயர்கள் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். அப்போதும் ஓரளவு காற்று போய்க்கொண்டிருப்பதால் பலருக்கு அது தெரிவதே இல்லை.

தீர்வு, ஃப்ரெஷ் ஏர் கொண்டுவரும் தனி விசிறியும் குழாயும் அமைப்பது. வெளியேறும் காற்றில் 80 முதல் 90 விழுக்காட்டை இதன் வழியாகக் கொடுத்து, மீதியை உணவருந்தும் கூடத்திலிருந்து சமையற்கூடத்துக்குள் வரவிட வேண்டும். அப்போதுதான் சமையல் வாடை வாடிக்கையாளர் பக்கம் போகாது. ஆனால் அந்தக் காற்றை எங்கே விடுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். ஹூட்டுக்கு அருகே கூரையிலிருந்து நான்கு பக்கமும் வீசும் டிஃப்யூசரை வைத்தால், மேலெழும் புகையை அந்தக் காற்றே குறுக்காக அடித்து வெளியே தள்ளிவிடும். துளையிட்ட அகலமான தகடுகள் வழியாக, ஹூட்டிலிருந்து தள்ளி, மெதுவாக இறங்கும்படி விடுங்கள். ஹூட்டின் உள்ளேயே காற்றைச் செலுத்தி அங்கேயே வெளியேற்றிவிடும் 'ஷார்ட் சர்க்யூட்' அமைப்பைச் சிலர் மிச்சம் பிடிக்கும் வழியென்று விற்கிறார்கள். அந்தக் காற்று புகைக்குரிய இடத்தைத் தானே நிரப்பிக்கொள்வதால், புகை வழிவது கூடத்தான் செய்யும். அதை நான் பரிந்துரைப்பதில்லை. சமையற்காரருக்காக வைத்த ஸ்டாண்டு ஃபேன் ஹூட்டை நோக்கி வீசினாலும் விளைவு இதேதான். அவருக்குக் காற்று வேண்டும் என்பது நியாயமான தேவை. ஃப்ரெஷ் ஏர் சரியாக அமைந்தால் அந்த ஃபேன் இல்லாமலே அவர் நிற்க முடியும்.

கேள்வி: நான் உணவகத்தில் ஃப்ரையர் பகுதியில் வேலை செய்கிறேன். மின்கட்டணம் அதிகமாகிறது என்று வேலை குறைந்த நேரங்களில் ஹூட்டை நிறுத்திவிடுகிறார்கள். எண்ணெய் சூடாகவே இருக்கிறது. இந்தப் புகையால் உடலுக்குக் கேடு உண்டா? உரிமையாளரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: கேடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி., உயர்சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் வைத்து 2010-இல் தன் தொகுதியை வெளியிட்டது. நாள் முழுவதும் அதன் முன்னே நிற்பவர் நீங்கள். இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஹூட் ஓடத் தொடங்கி, அடுப்பு அணைந்து எண்ணெய் ஆறும்வரை ஓட வேண்டும்.

உரிமையாளரின் மின்கட்டணக் கவலைக்கும் நல்ல விடை இருக்கிறது. விசிறியின் வேகத்தைக் குறைத்தால், அது தள்ளும் காற்று அதே விகிதத்தில் குறைகிறது. ஆனால் அது உண்ணும் மின்திறனோ வேகத்தின் கனத்துக்கு (வேகத்தை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் குறைகிறது. வேகத்தை 20 விழுக்காடு குறைத்தாலே மின்செலவு ஏறத்தாழப் பாதியாகிவிடும். வி.எஃப்.டி. என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும், ஹூட்டுக்குள் சூட்டையும் புகையையும் உணரும் சென்சாரையும் பொருத்தினால், வேலை குறைந்த நேரத்தில் விசிறி தானாக மெதுவாகும். ஃப்ரையரில் எதையேனும் போட்டதும் வேகம் பிடிக்கும். ஃப்ரெஷ் ஏர் விசிறியும் உடன் இணைந்து ஏறி இறங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஹூட்டை நிறுத்தாமலே கட்டணத்தைக் குறைக்கலாம் என்ற இந்தக் கணக்கை உரிமையாளரிடம் எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கடை அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ளது, மாடிவரை குழாய் கொண்டுபோக வழியில்லை. குழாயே இல்லாமல், புகையைச் சுத்தப்படுத்தி அறைக்குள்ளேயே விடும் ஹூட் இருக்கிறதாம். அதை நம்பலாமா?

பதில்: கேஸ் அடுப்பு என்றால் கூடவே கூடாது. எண்ணெய்த் துளிகளை மின்புலத்தால் பிடிக்கும் கருவியும், வாடையை ஈர்க்கும் கார்பன் ஃபில்டரும் கார்பன் மோனாக்சைடை நீக்குவதில்லை. மின் அடுப்புகளுக்கு மட்டும், அதுவும் எந்த அடுப்போடு சேர்த்துப் பரிசோதித்துச் சான்றளிக்கப்பட்டதோ அந்த அடுப்போடு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். அப்போதும் சூடும் ஈரமும் அறைக்குள்ளேயே தங்கும் என்பதால் குளிரூட்டும் திறனைக் கூட்ட வேண்டியிருக்கும். ஃபில்டர்களை மாற்றும் செலவும் தொடர்ந்து இருக்கும். சிறிய மின் ஓவன் ஒன்றுக்கு இது பொருந்தலாம். முழுச் சமையற்கூடத்துக்கு வேறு இடம் பார்ப்பதே நல்லது.

கேள்வி: ஹூட்டின் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 ரகம் என்று ஒருவர் சொல்கிறார், 430 போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். ஃபில்டரிலும் வலை வகை விலை குறைவாக இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: ஃபில்டரில் ஐயமே வேண்டாம், வளைந்த தகடுகளால் ஆன பேஃபிள் ஃபில்டர்தான். வலை பிசுக்கைத் தன்னுள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்வதால் விரைவில் அடைத்துக்கொள்ளும், தீப்பிடித்தால் எரியும். பேஃபிள் தகடுகளில் காற்று திடீரெனத் திசை மாறும்போது எண்ணெய்த் துளிகள் தகட்டில் மோதி, வழிந்து தட்டில் சேர்கின்றன. கீழிருந்து எழும் சுடரும் எளிதில் கடந்து போவதில்லை. பிசுக்கு தானாக வடிவதற்காக அவை கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்குக் குறையாத சாய்வில் நிற்க வேண்டும்.

உலோகத்தில், 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 துருவை நன்றாகத் தாங்கும். உப்பு, நீராவி, கடுமையான சுத்திகரிப்புத் திரவம் ஆகியவை இடைவிடாமல் படும் இடத்துக்கு அதுவே ஏற்றது. நிக்கல் அற்ற 430, உலர்ந்த பகுதிக்கும் வெளிப்புறத் தகட்டுக்கும் போதுமானது. 304 என்று சொல்லி 430 தருகிறார்களா என்று பார்க்கக் காந்தம் வைக்கலாம். 430-இல் அது நன்றாக ஒட்டும். 304-இல் சமதளப் பகுதியில் ஒட்டாது, ஆனால் வளைத்த மூலைகளில் லேசாக இழுக்கக்கூடும். ஆகவே மூலையில் வைத்துப் பார்த்து யாரையும் குறை சொல்லிவிடாதீர்கள்.

உண்மையில் நீங்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத டக்ட் குழாயைப் பற்றி. மேற்சொன்ன என்.எஃப்.பி.ஏ. 96 தரத்தின்படி அது குறைந்தது 1.37 மி.மீ. இரும்புத் தகடாகவோ 1.09 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடாகவோ இருந்து, இணைப்புகள் யாவும் வெளிப்புறத்தில் தொடர்ச்சியாக வெல்டிங் செய்யப்பட வேண்டும். ஏ.சி. குழாய்க்குப் பயன்படும் மெல்லிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை மடித்து இணைத்துத் தந்தால் ஏற்காதீர்கள். அந்த மடிப்புகளின் வழியே எண்ணெய் கசிந்து ஃபால்ஸ் சீலிங்கின் மேல் தேங்கும்.

கேள்வி: இருக்கும் ஹூட்டின்கீழ் கரி கிரில் ஒன்றைச் சேர்க்க நினைக்கிறோம். இடம் இருக்கிறது. சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கக்கூடாது. கரிக்குத் தனி ஹூட், தனிக் குழாய், தனி விசிறி வேண்டும். பறக்கும் தீப்பொறி, மற்ற அடுப்புகளின் பிசுக்கு படிந்த குழாய்க்குள் போவதைத் தடுக்கவே இந்த விதி. ஃபில்டரும் கரிப்படுகையிலிருந்து குறைந்தது 1.22 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்தக் குழாயை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: ஹூட்டோடு தீயணைப்பு அமைப்பும் சேர்த்து வாங்கினால் செலவு மிகவும் கூடுகிறது. கைத் தீயணைப்பான் இருந்தால் போதாதா?

பதில்: போதாது. தீ ஃபில்டரைக் கடந்து குழாய்க்குள் புகுந்துவிட்டால் கையில் பிடித்த கருவி அங்கே எட்டாது. தானியங்கி அமைப்பு அடுப்பின் மேலும் ஹூட்டின் உள்ளும் குழாயின் வாயிலும் ஒரே நேரத்தில் ஈர வேதிக்கரைசலைத் தெளித்து, கேஸையும் மின்சாரத்தையும் தானே துண்டிக்கிறது. அந்தக் கரைசல் கொதிக்கும் எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்பு நுரையாக மாற்றி மூடிவிடுவதால், எண்ணெய் ஆறுவதற்குள் மீண்டும் பற்றுவதில்லை. தாவர எண்ணெய்க்கும், வெப்பத்தை எளிதில் இழக்காத புதிய ஃப்ரையர்களுக்கும் ஏற்பச் சோதனை முறைகள் கடுமையாக்கப்பட்டு, 1994-இல் யு.எல். 300 என்ற அமெரிக்கச் சோதனைத் தரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய உலர்தூள் அமைப்பு உங்களிடம் இருந்தால் மாற்றிவிடுங்கள். தெளிக்கும் நாசில் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அடுப்பை நோக்கி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே பிற்பாடு அடுப்பை இடம் மாற்றினால் நாசிலையும் மாற்றி அமைக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

தீ மூளாமலிருக்கச் சுத்தம் முதன்மையானது. ஃபில்டரையும் பிசுக்குத் தட்டையும் நாள்தோறும் கழுவுங்கள். குழாயைப் பொறுத்தவரை, இரவு பகலாக ஓடும் சமையற்கூடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நடுத்தர அளவில் சமைக்கும் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தேர்ந்தவரைக் கொண்டு சோதித்து, பிசுக்கு படிந்திருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும்.

கேள்வி: ஹூட் பொருத்தும் வேலை முடியும் நிலையில் இருக்கிறது. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் எவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: டக்ட் குழாயை மூடும் முன்பே போய் நில்லுங்கள். குழாய்க்குள் 100 வாட் அளவில் ஒளிரும் விளக்கை ஏற்றி மெதுவாக நகர்த்தி, வெளியே எங்கேனும் ஒளி தெரிகிறதா என்று இருட்டில் பாருங்கள். ஒளி கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். கிடைமட்டமாகச் செல்லும் குழாயில் சுத்தம் செய்வதற்கான திறப்புகள் இருக்கின்றனவா, குழாய் பிசுக்கு வடிந்து திரும்பும்படி சாய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புகை வெளியேறும் வாய், ஃப்ரெஷ் ஏர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் விலகியிருக்க வேண்டும்.

பிறகு எல்லா அடுப்புகளையும் முழுச் சூட்டில் எரியவிட்டு, கதவுகளைச் சாத்தி, ஃப்ரெஷ் ஏர் விசிறியையும் ஓடவிட்டு, ஹூட்டின் முன்விளிம்பு நெடுக, குறிப்பாக இரு மூலைகளில், காற்றோட்டத்தைக் காட்டப் புகை விடும் குச்சியைப் பிடித்து, புகை உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். அடுப்பு குளிர்ந்திருக்கும்போது செய்யும் சோதனையில் எந்த ஹூட்டும் தேறிவிடும்; ஆகவே அதை ஏற்காதீர்கள். இறுதியாக, வெளியேறும் காற்று, உள்ளே வரும் காற்று, அறையின் அழுத்தம் ஆகிய மூன்றையும் கருவியால் அளந்து, ஒப்பந்தத்தில் எழுதிய அளவோடு ஒப்பிட்டு, கையொப்பமிட்ட தாளாக வாங்கிக்கொண்டு தவணையைக் கொடுங்கள். ஓராண்டு கழித்துப் புகை வழியத் தொடங்கினால், எது மாறியது என்று கண்டுபிடிக்க அந்தத் தாள் தேவைப்படும்.